49க்கும் 51க்கும் நடுவே

ஒரு பள்ளிக்கூடத்தில் பெற்றோர்களிடம் ஓட்டெடுப்பு நடக்கிறது. 51 சதவீதம் பேர் 'ஆம்' என்கிறார்கள். வேறொரு ஊரில் அதே மாதிரிப் பள்ளி, அதே மாதிரி ஓட்டெடுப்பு; அங்கே 'ஆம்' 49 சதவீதம்தான். முதல் பள்ளி உள்ளூர் கவுன்சிலின் பிடியிலிருந்து விலகித் தன்னைத் தானே நிர்வகிக்கத் தொடங்குகிறது. இரண்டாவது இருந்த இடத்திலேயே இருக்கிறது. சில வருடம் கழித்து இரண்டு பள்ளியின் பரீட்சை ரிசல்ட்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், தன்னாட்சி நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும் இல்லையா?

டேமன் கிளார்க் என்ற பொருளியலாளர் 2009ல் 'ஜர்னல் ஆஃப் பொலிட்டிக்கல் எகானமி' இதழில் எழுதிய கட்டுரையின் எலும்புக்கூடு இதுதான். இங்கிலாந்தில் 1988 முதல் 1997 வரை நடந்த உண்மையான ஓட்டெடுப்புகளை வைத்து எழுதியது. பள்ளித் தன்னாட்சி பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் கையில் எடுக்கும் ஆய்வு. முதன்முறை வாசித்தபோது எனக்குப் பொறாமையே வந்தது. எங்கள் தொழிலில் ஏ/பி டெஸ்ட் வைக்க எவ்வளவு பாடுபடுகிறோம்! இங்கே ஒரு நாடாளுமன்றச் சட்டமே உட்கார்ந்து டெஸ்ட் வைத்துக் கொடுத்திருக்கிறது.

மூன்றாம் முறை வாசித்தபோது பொறாமை குறைந்துவிட்டது. ஏன் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் பின்னணி. இங்கிலாந்தில் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பல பத்தாண்டுகள் அரசுப் பள்ளிகளை நடத்தியது லண்டனில் இருக்கும் கல்வி அமைச்சகம் இல்லை. கவுண்டி கவுன்சில்களும் நகர கவுன்சில்களும்தான். ஆசிரியருக்குச் சம்பளம், கட்டடம், எந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்கு, எந்தப் பள்ளியை மூடுவது, எல்லாம் அவர்கள் கையில். மார்கரெட் தாட்சர் அரசுக்கு இந்தக் கவுன்சில்கள் கண்ணில் விழுந்த தூசி. பெரிய நகரங்களில் பல கவுன்சில்கள் லேபர் கட்சி வசம் இருந்தன என்பது பாதிக் காரணம். 'கல்வியாளர்கள் என்ற பெயரில் ஒரு கூட்டம் பெற்றோரின் தலைக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது' என்ற உண்மையான கோபம் மீதிப் பாதி. ஷீலா லாலர் 1988ல் எழுதிய ஒரு சிறுநூலின் தலைப்பே கல்வி கவுன்சில்கள் ஒழிக என்ற பொருளில்தான் இருக்கும்.

கென்னத் பேக்கர் கல்வி அமைச்சராக இருந்தபோது 1988 ஜூலையில் கல்விச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. அதில் ஒரு பிரிவு: விருப்பமுள்ள பள்ளி கவுன்சிலை விட்டு வெளியேறலாம், மத்திய அரசு நேரடியாகப் பணம் கொடுக்கும். இப்படி வெளியேறியவற்றுக்கு 'கிராண்ட் மெயின்டெய்ண்ட்' பள்ளிகள் என்று பெயர். சுருக்கமாக ஜி.எம். பள்ளிகள் என்றே எழுதுகிறேன்.

வெளியேறும் வழிமுறை அழகாக எழுதப்பட்ட ஒன்று. ஸ்பெக் வாசிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்குப் பிடிக்கும். பள்ளியின் நிர்வாகக் குழு தீர்மானம் போடலாம். அல்லது மாணவர் எண்ணிக்கையில் 20 சதவீதத்துக்குச் சமமான பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கேட்கலாம். உடனே ரகசியத் தபால் ஓட்டெடுப்பு. போட்டவர்களில் சாதாரணப் பெரும்பான்மை போதும். தகுதியுள்ளவர்களில் பாதிப்பேர்கூட ஓட்டுப் போடவில்லை என்றால் 14 நாட்களுக்குள் இரண்டாவது ஓட்டெடுப்பு. அதில் எத்தனை பேர் போட்டாலும் அந்த முடிவுதான் முடிவு. பிறகு அமைச்சரின் ஒப்புதல். தொடக்கப் பள்ளி என்றால் ஆரம்பத்தில் 300 பிள்ளைகளுக்கு மேல் உள்ளவைக்கு மட்டுமே அனுமதி, பிறகு அந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். லிங்கன்ஷரில் இருக்கும் ஸ்கெக்னெஸ் கிராமர் ஸ்கூல்தான் முதலில் கிளம்பியது. 1989ல் முதல் ஜி.எம். பள்ளிகள் இயங்கத் தொடங்கின.

இந்த 50 சதவீதக் கோட்டைத்தான் கிளார்க் பிடித்துக்கொண்டார். 80 சதவீத ஆதரவோடு வெளியேறிய பள்ளியையும் 20 சதவீதத்தில் தோற்ற பள்ளியையும் ஒப்பிட்டால் அது பொருந்தாது; இரண்டும் வேறு வேறு ஜாதகம். ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மயிரிழையில் நிற்கிற பள்ளிகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்க வேண்டும். பத்து பெற்றோர் கவரைத் தபாலில் போட மறந்திருந்தால் முடிவு மாறியிருக்கும். ஆகவே அவர்களுக்கு நடுவே வித்தியாசம் வந்தால் அதற்குக் காரணம் வெளியேற்றம்தான். இதற்கு 'ரிக்ரஷன் டிஸ்கன்டினியூட்டி' என்று பெயர். நாடு முழுக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இந்தக் காலத்தில் ஓட்டெடுப்பு நடத்தியிருக்கிறது என்பதால் தரவுக்கும் பஞ்சமில்லை.

அவர் கண்டது: மயிரிழையில் ஜெயித்த பள்ளிகளின் தேர்ச்சி விகிதம், மயிரிழையில் தோற்ற பள்ளிகளைவிட நன்றாகவே உயர்ந்தது. பெரிய உயர்வு என்றே எழுதுகிறார். கூடவே இன்னொன்றையும் கண்டார். ஜெயித்த பள்ளியின் அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கு இதனால் ஒரு பலனும் போய்ச் சேரவில்லை. இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இரண்டாம் பாதிக்குப் பின்னால் வருகிறேன்.

கணக்கில் எனக்குக் குறை இல்லை. கோட்டுக்கு அருகே இருந்த பள்ளிகளை எடுத்தது, ஜெயித்தும் அமைச்சர் ஒப்புதல் கிடைக்காதவை, தோற்றும் பிறகு மறுபடி ஓட்டெடுத்து ஜெயித்தவை என்று சிக்கலான கேஸ்களும் உண்டு என்பதை மறைக்காதது, எல்லாம் நேர்த்தி. என் தகராறு தலைப்போடு. கட்டுரையின் தலைப்பில் 'பள்ளித் தன்னாட்சி' என்று இருக்கிறது. 51 சதவீதம் வாங்கினால் ஒரு பள்ளிக்குக் கிடைத்தது தன்னாட்சியா?

அதே 1988 சட்டத்தில் இன்னொரு பிரிவு இருந்தது. ஜி.எம். பற்றிச் சண்டை போட்டவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை. ஆனால் உண்மையில் பெரிய மாற்றம் அதுதான் என்பேன். 'லோக்கல் மேனேஜ்மெண்ட் ஆஃப் ஸ்கூல்ஸ்'. இதன்படி கவுன்சிலுக்குக் கீழேயே இருக்கிற பள்ளிகளுக்கும் பட்ஜெட்டின் பெரும்பகுதி தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு நேராகப் போய்விடும். அதை எப்படிச் செலவு பண்ணுவது, எந்த ஆசிரியரை எடுப்பது, யாரை நிறுத்துவது என்று பள்ளியின் நிர்வாகக் குழுதான் தீர்மானிக்கும். 90களின் முற்பகுதிக்குள் இது நாடு முழுக்க வந்துவிட்டது.

அப்படின்னா 49ல் தோற்ற பள்ளி கவுன்சிலின் அடிமையாக இருக்கவில்லை. பட்ஜெட் அதன் கையில், ஆள் எடுப்பது அதன் கையில், பாடத்திட்டம் இருவருக்கும் ஒரே தேசியப் பாடத்திட்டம், தேர்வும் ஒன்றுதான். தன்னாட்சி என்று நாம் மனதில் நினைக்கிற காரியங்களில் முக்கால்வாசி இரண்டு பக்கமும் சமம். சரி, எது சமமில்லை? ஜெயித்த பள்ளிக்குக் கட்டடமும் நிலமும் சொந்தமாகின்றன. ஆசிரியரின் சட்டபூர்வ முதலாளியாகப் பள்ளி ஆகிறது. நிர்வாகக் குழுவில் கவுன்சில் நியமித்த ஆள் கிடையாது. கவுன்சில் தன்னிடம் வைத்துக்கொள்ளும் மையச் செலவுக்கான பங்கும் சேர்ந்து வருகிறது. மாறுவதற்கென்று தனியாக ஒரு மானியம். கட்டடம் கட்டவும் பழுது பார்க்கவும் மற்ற பள்ளிகளைவிடத் தாராளமான பணம். கடைசியாக, யாரைச் சேர்ப்பது என்ற அதிகாரம்.

ஒரே சுவிட்சைப் போட்டால் ஐந்து விளக்கு எரிகிறது, அறை வெளிச்சமாகிவிட்டது. எந்த விளக்கால் என்று சொல்ல முடியுமா? ஒரு ஃபீச்சர் ஃப்ளாகுக்குப் பின்னால் ஐந்து மாற்றத்தை ஒளித்து வைத்து ரிலீஸ் பண்ணினால் ரிவ்யூவில் யாராவது கத்துவார்கள். இதைக் கிளார்க்கின் தப்பு என்று சொல்ல மாட்டேன். சுவிட்ச் அப்படி. ஆனால் 'தன்னாட்சி பலன் தரும்' என்று இதைச் சுருக்குகிறவர்கள் 'கூடுதல் பணம் பலன் தரும்' என்றும் அதே ஆதாரத்தை வைத்துச் சொல்லலாமே, ஏன் சொல்வதில்லை?

பணத்தை விடுங்கள். என்னை உறுத்துவது கடைசி விளக்கு.

ஜான் ஃபிட்ஸ், டேவிட் ஹால்பின், சாலி பவர் மூவரும் ஜி.எம். பள்ளிகளுக்குள்ளே போய்த் தலைமை ஆசிரியர், பெற்றோர், பிள்ளைகள் எல்லோரிடமும் பேசி 1993ல் ஒரு புத்தகம் எழுதினார்கள். பிறகும் அதைத் தொடர்ந்தார்கள். இந்த விஷயத்தில் வந்த எழுத்துகளில் எனக்குப் பிடித்தது இவர்களுடையதுதான். எண்களைவிட மனிதர்கள் அதிகம். வெளியேறிய பள்ளிகள் புதுமையாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, பழையதை நோக்கித்தான் போயின என்பது அவர்கள் எழுதியதில் எனக்குத் தங்கியது. சீருடை, ஒழுங்கு, கம்பீரம், பாரம்பரியம். பழைய கிராமர் ஸ்கூலின் சாயல். இதில் ஆச்சரியம் ஏதும் இல்லை. 1992 முதல் பள்ளிகளின் தேர்ச்சிப் பட்டியல் அரசாங்கமே வெளியிடத் தொடங்கியிருந்தது. பிள்ளைக்கு இவ்வளவு என்று பணமும் பிள்ளையோடு வருகிறது. பெற்றோரின் கண்ணுக்கு நல்ல பள்ளி எப்படித் தெரியுமோ அப்படி ஆகப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். அப்படி ஆனால் யார் வருவார்கள்? பட்டியல் வாசிக்கிற, பேருந்தில் முக்கால் மணி நேரம் பிள்ளையை அனுப்பத் தயங்காத பெற்றோர். விண்ணப்பம் இடத்தைவிட அதிகமாகிறது. யாரை எடுப்பது என்று முடிவு செய்கிற அதிகாரம் இப்போது பள்ளியிடமே இருக்கிறது. இதில் யாரும் திருட வேண்டியதில்லை, பொய் சொல்ல வேண்டியதில்லை. விதிமுறை நேர்மையாக நடந்தாலே உள்ளே வருகிற பிள்ளைகள் மெல்ல மாறிவிடுவார்கள்.

இந்த இழுப்பு எவ்வளவு பலமானது என்பதற்கு ஒரு சாட்சி. ஜி.எம். முறையைக் கட்சியாக எதிர்த்தது லேபர். அதன் தலைவர் டோனி பிளேர் தன் மகனுக்குத் தேர்ந்தெடுத்தது லண்டன் ஓரட்டரி என்ற ஜி.எம். பள்ளி. ஹாரியட் ஹார்மன் 1996ல் தேர்ந்தெடுத்தது ஆர்பிங்டனில் உள்ள செயின்ட் ஓலேவ்ஸ், ஜி.எம். அந்தஸ்துள்ள கிராமர் ஸ்கூல். கட்சிக்குள் பெரிய ரகளை ஆனது. அவர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை; நானும் ஒரு பிள்ளையின் தகப்பன், அட்மிஷன் மாதத்தில் கொள்கை எந்த அலமாரியில் இருக்கும் என்று தெரியும்.

கிளார்க்கின் அளவுகோல் பள்ளியின் தேர்ச்சி விகிதம். 16 வயதுத் தேர்வில் ஐந்து பாடங்களில் 'சி' கிரேடோ அதற்கு மேலோ வாங்கியவர்கள் எத்தனை சதவீதம் என்பது. இதில் அவுட்புட் மட்டும்தான் இருக்கிறது. 11 வயதில் உள்ளே வந்தபோது அந்தப் பிள்ளை எப்படி இருந்தது என்பது அந்த எண்ணில் இல்லை.

என் வேலையில் நடந்த ஒன்றைச் சொன்னால் புரியும். ஒரு முறை ஆர்டர் பக்கத்தைப் புதிதாக மாற்றி எழுதினோம். வாங்குகிறவர்களின் சதவீதம் ஜம்மென்று ஏறியது. எல்லோரும் கேக் வெட்டினோம். இரண்டு வாரம் கழித்துத்தான் ஒருத்தர் கண்டுபிடித்தார்: புதுப் பக்கம் பழைய போன்களில் திறக்கவே இல்லை. அந்தப் போன் வைத்திருந்தவர்கள் கணக்கிலேயே வரவில்லை. மிச்சம் இருந்தவர்கள் எப்போதுமே அதிகமாக வாங்குகிறவர்கள். பக்கம் மேம்படவில்லை, வகுத்தலின் கீழே இருந்த எண்தான் மாறியது. பயனர்களை நாணயம் சுண்டிச் சரியாகத்தான் பிரித்திருந்தோம். டெஸ்ட்டில் பிழையே இல்லை. பிரித்த பிறகு ஒரு பக்கத்தில் மட்டும் ஆள் கழன்றுகொண்டார்கள்.

ஜி.எம். பள்ளிகளில் நடந்ததும் இதுதானா? ரெபெக்கா ஆலன் என்ற லண்டன் ஆய்வாளர் இதைக் கேட்டார். ஓட்டெடுப்புக் கோட்டை அப்படியே வைத்துக்கொண்டார். ஆனால் பள்ளியின் மொத்தச் சதவீதத்துக்குப் பதிலாக ஒவ்வொரு பிள்ளையின் தரவையும் எடுத்தார். இங்கிலாந்தில் 2000க்குப் பிறகு தேசிய மாணவர் தரவுத்தளம் என்று ஒன்று வந்துவிட்டது. அதில் பிள்ளை 11 வயதில் வாங்கிய மதிப்பெண்ணும் 16 வயதில் வாங்கியதும் ஒரே வரிசையில் இருக்கும். ஜி.எம். பள்ளிகளுக்கு அதற்குள் 'ஃபவுண்டேஷன் ஸ்கூல்' என்று பெயர் மாறியிருந்தது. பிள்ளை உள்ளே வந்தபோது இருந்த நிலையையும் குடும்பப் பின்னணியையும் கணக்கில் சேர்த்தபோது, தன்னாட்சிப் பள்ளிகளின் மேன்மைக்கு ஆதாரம் என்று சொல்லும்படி ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை. 'எஜுகேஷன் எகனாமிக்ஸ்' இதழில் இது வந்தது. கிளார்க்கின் கட்டுரை அளவுக்கு இதை யாரும் மேற்கோள் காட்டிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

கிளார்க் பக்கம் நின்று ஒரு வாதம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. பள்ளியில் சேர்வது 11 வயதில், தேர்வு 16ல். ஓட்டெடுப்புக்குப் பிறகு சேர்ந்த முதல் அணி தேர்வு எழுத ஐந்து வருடம் ஆகும். அதற்கு முன்பே ரிசல்ட் ஏறினால், அந்த ஏற்றத்தைப் புதிய பிள்ளைகள் தலையில் கட்ட முடியாது. ஏற்கனவே உள்ளே இருந்தவர்கள்தான் நன்றாக எழுதியிருக்கிறார்கள். வலுவான வாதம். ஆலன் பார்த்தது பத்துப் பதினைந்து வருடம் கழித்து; கிளார்க் பார்த்தது உடனடிக் காலம். இருவரும் சரியாக இருக்க வாய்ப்பு உண்டு. முதல் சில வருடம் பணமும் புது உற்சாகமும் சேர்ந்து உண்மையாகவே ஒரு தூக்கு தூக்கியிருக்கலாம். பிறகு அந்த உற்சாகம் அடங்கி, பெயரும் சேர்க்கையும் மட்டும் மிஞ்சியிருக்கலாம். என் சாய்வு இந்தப் பக்கம்தான். ஆனால் அப்படிப் பார்த்தாலும் கிளார்க் அளந்தது நிரந்தரமான ஒரு ஆட்சிமுறையின் பலனை இல்லை, ஒரு மாறுதலின் முதல் வேகத்தை.

இப்போது அந்த இரண்டாம் பாதி. அக்கம்பக்கத்துப் பள்ளிகளில் எந்த மாற்றமும் தெரியவில்லை என்பது. போட்டி வந்தால் பக்கத்துப் பள்ளியும் சுதாரித்துக்கொண்டு மேம்படும் என்பதுதான் இந்தச் சட்டத்தின் சித்தாந்தமே. அது நடக்கவில்லை என்று கிளார்க் நேர்மையாகச் சொல்கிறார். அதே நேரம் 'பக்கத்துப் பள்ளிகள் நாசமாகும்' என்று எதிர்ப்பாளர்கள் பயந்ததும் நடக்கவில்லை என்று இதை வாசிக்க இடமிருக்கிறது. அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். முழுக்க என் கற்பனை எண்கள். ஜெயித்த பள்ளியில் வருடத்துக்கு 150 பேர். அதில் 18 இடம், தேர்வில் தேறாத வகைப் பிள்ளைகளிடமிருந்து தேறும் வகைப் பிள்ளைகளுக்கு மாறுகிறது. அந்தப் பள்ளியின் தேர்ச்சி விகிதம் 12 சதவீதப் புள்ளி எகிறும். பத்திரிகையில் போட்டோ வரும். இந்த 18 பேர் ஒரே பள்ளியிலிருந்து வந்தவர்கள் இல்லை. சுற்றிலும் ஒன்பது பள்ளி இருந்தால் ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டிரண்டு பேர். ஒவ்வொரு பள்ளிக்கும் இழப்பு ஒன்றேகால் புள்ளிக்குப் பக்கம். வருடத்துக்கு வருடம் தானாகவே மூன்று நான்கு புள்ளி ஏறி இறங்குகிற எண்ணில் இது கண்ணுக்கே படாது. லாபம் ஒரு இடத்தில் குவிகிறது, நஷ்டம் ஒன்பது இடத்தில் தூவப்படுகிறது. தரவில் 'விளைவு இல்லை' என்று வருவதும், உண்மையில் விளைவு இல்லாததும் ஒன்றல்ல. அந்த ஒன்பது பள்ளியிலும் வகுப்பில் கை தூக்குகிற இரண்டு பிள்ளை இல்லாமல் போனதை அந்த ஆசிரியர்கள் கவனித்திருப்பார்கள். அட்டவணை கவனிக்காது.

இங்கே வந்து நிற்கும்போதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. ஆய்வில் உள்ள இந்தக் குருட்டுப் புள்ளி ஓட்டெடுப்பிலேயே இருக்கிறது. ஓட்டு யாருக்கு? அன்றைய தேதியில் அந்தப் பள்ளியில் பிள்ளை படிக்கிற பெற்றோருக்கு மட்டும். அடுத்த வருடம் சேரப்போகிற பிள்ளையின் தாய்க்கு இல்லை. பக்கத்துப் பள்ளியில் பிள்ளை வைத்திருக்கிறவருக்கு இல்லை. வரி கட்டி அந்தக் கட்டடத்தைக் கட்டிய ஊர்க்காரருக்கும் இல்லை. மேலும், ஓட்டுப் போடுகிறவரின் பிள்ளை இரண்டு மூன்று வருடத்தில் பள்ளியை விட்டுப் போய்விடும், முடிவு நிரந்தரம். வெளியேற ஓட்டெடுக்கச் சட்டம் இருந்தது, திரும்பி உள்ளே வர ஓட்டெடுக்க வழி இல்லை.

பாத் நகரத்துப் பீச்சன் கிளிஃப் பள்ளியின் கதை இதற்கு நல்ல உதாரணம். 80களில் இங்கிலாந்தில் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்து, பல கவுன்சில்கள் பள்ளிகளை மூடவும் இணைக்கவும் வேண்டியிருந்தது. ஏவான் கவுண்டி கவுன்சில் பாத் நகரத்துக்குப் போட்ட திட்டத்தில் பீச்சன் கிளிஃப், பழைய வடிவில் தொடராமல் 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான கல்லூரியாக மாற வேண்டும். பெற்றோர் மறுத்து, வெளியேறுவதற்கு ஓட்டுப் போட்டார்கள். அமைச்சர் ஜான் மெக்ரெகர் ஒப்புதல் கொடுத்தார். கவுன்சில் 1990ல் கோர்ட்டுக்குப் போனது. நீதிமன்றம் ஒப்புதலை ரத்து செய்தது. அமைச்சர் மறுபடி பரிசீலித்து மறுபடி ஒப்புதல் கொடுத்தார். மேல்முறையீட்டில் அது நின்றது. அந்தப் பெற்றோர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் ஓட்டுப் போட்டிருப்பேன். நல்ல பள்ளி, எதற்கு மூட வேண்டும்? ஆனால் கவுன்சிலின் திட்டம் ஒரு பள்ளிக்கானது இல்லை, மொத்த நகரத்துக்கானது. அதில் ஒரு கல்லை உருவினால் மற்ற எல்லாக் கல்லும் நகர வேண்டும். அந்த மற்றப் பள்ளிகளின் பெற்றோருக்குத் தபாலில் எந்தக் கவரும் வரவில்லை.

வெளியேறும் யோசனை பல இடங்களில் இப்படி மூடுவிழா மிரட்டலில்தான் பிறந்தது. 'சுயமாக இயங்கினால் என்னென்ன புதுமை செய்யலாம்' என்ற கனவு தலைமை ஆசிரியர்களின் பேச்சில் நிறைய இருக்கிறது. பெற்றோர் ஓட்டில் எவ்வளவு இருந்தது என்பது வேறு கேள்வி. ஸ்காட்லாந்துக்கும் 1989ல் 'சுயநிர்வாகப் பள்ளி' என்ற பெயரிலேயே தனிச் சட்டம் போட்டார்கள். அங்கே வெளியேறியவற்றை எண்ண ஒரு கைவிரல் போதும். மனிதர்கள் தன்னாட்சிக்காக அப்படி ஏங்கிக் கிடந்தால் எல்லைக்கு அந்தப் பக்கம் மட்டும் ஏன் ஏக்கம் இல்லை?

இங்கிலாந்திலும் அரசாங்கம் எதிர்பார்த்த வெள்ளம் வரவில்லை. 1993ல் இன்னொரு சட்டம் போட்டு, ஜி.எம். பள்ளிகளுக்குப் பணம் பிரிக்க ஒரு தனி நிதி முகமை தொடங்கினார்கள். ஒரு கவுன்சில் பகுதியில் 10 சதவீதப் பிள்ளைகள் ஜி.எம். பள்ளியில் சேர்ந்துவிட்டால் பள்ளி இடங்களைத் திட்டமிடும் பொறுப்பில் முகமைக்குப் பங்கு. 75 சதவீதம் ஆனால் முழுப் பொறுப்பு. அதாவது, திட்டமிட ஒரு ஆள் வேண்டும் என்று கடைசியில் இவர்களும் ஒப்புக்கொண்டார்கள். அந்த ஆளை ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு மாற்ற முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம். இத்தனைக்குப் பிறகும் மொத்தம் சேர்ந்தது சுமார் 1,200 பள்ளி. பெரும்பாலும் தென்கிழக்கும் லண்டன் புறநகரும். 1998ல் பிளேர் அரசு இந்த அந்தஸ்தையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது.

கவுன்சில்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு ஜன்னல் கண்ணாடி மாற்ற மூன்று ஃபார்ம் நிரப்ப வைத்த கவுன்சில்கள் இருந்திருக்கும். நம்ம ஊர் அலுவலகங்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த ஜன்னலுக்கான மருந்து 'லோக்கல் மேனேஜ்மெண்ட்' பிரிவிலேயே இருந்தது, எல்லாப் பள்ளிக்கும் சேர்த்து. ஜி.எம். அதற்கு மேலே கொடுத்தது, வாசலில் நிற்கிற உரிமையைத்தான்.

2010ல் டேவிட் கேமரன் அரசில் மைக்கேல் கோவ் அகாடமிகள் சட்டம் கொண்டுவந்தார். கவுன்சிலை விட்டு வெளியேறுவது, மத்திய அரசின் நேரடிப் பணம், எல்லாம் பழைய சரக்குதான். ஒன்றை மட்டும் கழற்றிவிட்டார்கள்: ஓட்டெடுப்பை. நிர்வாகக் குழு தீர்மானம் போட்டு விண்ணப்பித்தால் போதும். பெற்றோரிடம் கருத்துக் கேட்க வேண்டும், ஆனால் கருத்து யாரையும் கட்டுப்படுத்தாது. 2016 சட்டத்துக்குப் பிறகு, ஆய்வில் மோசம் என்று முத்திரை விழுந்த பள்ளியைப் பள்ளியே விரும்பாவிட்டாலும் அகாடமி ஆக்க வேண்டும் என்றானது.

இன்னொன்றும் மாறியது. ஜி.எம். பள்ளி தனித்து நின்றது. இன்றைய அகாடமிகளில் பெரும்பாலானவை பல பள்ளிகளைக் கட்டி ஆளும் டிரஸ்ட்டுகளுக்குள் இருக்கின்றன. அங்கே தனிப் பள்ளிக்குச் சட்டத்தின் முன் தனி ஆளுமையே கிடையாது. டிரஸ்ட்தான் முதலாளி, டிரஸ்ட்தான் ஒப்பந்தக்காரர், பட்ஜெட்டும் அதன் கையில். பள்ளி அளவில் இருக்கும் குழுவுக்கு டிரஸ்ட் எவ்வளவு அதிகாரம் விட்டுக்கொடுக்கிறதோ அவ்வளவுதான். டிரஸ்ட் பிடிக்கவில்லை என்று பள்ளி தானாகக் கிளம்பிப் போக முடியாது. 1990ல் கவுன்சிலுக்குக் கீழே இருந்து லோக்கல் மேனேஜ்மெண்டில் பட்ஜெட் வாங்கிய ஒரு சாதாரணப் பள்ளியின் தலைமை ஆசிரியர், இன்று சில டிரஸ்ட்டுகளில் இருக்கும் தலைமை ஆசிரியரைவிடச் சுதந்திரமாக இருந்திருப்பார்.

கிளார்க்கின் ஆய்வை இப்போது யாராலும் திரும்பச் செய்ய முடியாது. ஓட்டு இல்லை, ஆகவே கோடும் இல்லை. 49ல் தோற்ற அந்தப் பள்ளிகளின் பெயர்ப்பட்டியல் எங்கோ ஒரு தரவுக் கோப்பில் இருக்கும். இங்கிலாந்தின் உயர்நிலைப் பள்ளிகளில் 80 சதவீதத்துக்கு மேல் இன்று அகாடமிகள் என்பதால், அவற்றிலும் பெரும்பாலானவை இதற்குள் வெளியேறியிருக்க வேண்டும். இந்த முறை பெற்றோருக்குத் தபாலில் கவர் போகவில்லை.